நிழல் விழுந்தால் ஆங்கிலம்

"உள்ளே வரவே இல்லையா?"

"வரலை. கதவுக்கு வெளியே நின்னாரு, அவ்வளவுதான்."

"நின்னு?"

"நின்னு கேட்டாரு. நெட்டை சார் பாவம், பலகையைப் பார்த்து எழுதிக்கிட்டே தமிழ்ல பாடம் நடத்தியிருக்காரு. பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒருத்தனும் வாயைத் திறக்கலை. இவரு திரும்பிப் பார்த்தா கதவு பாதி திறந்து கிடக்கு, வெளியே ஆளே இல்லை. மறுநாள் ரூமுக்குக் கூப்பிட்டு, காப்பி சாப்பிடுறீங்களான்னு கேட்டுட்டு, அடுத்த செமஸ்டர்ல இருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம்."

"காப்பி குடிச்சாரா?"

"ஏம்மா, இப்போ அதுதான் முக்கியமா?"

முக்கியம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தன் வேலை போகிறது என்று கேட்ட பிறகு ஒரு மனிதன் அந்தக் காப்பியை என்ன செய்வான்? மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போவானா, மரியாதைக்காக ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வானா? தன்னைக் கூப்பிட்டால் காப்பி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்றால் ஒருவேளை அடுத்த பேச்சுக்கே போகமாட்டார்களோ என்னவோ.

பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் ஆசிரியர்கள் உட்காரும் அறை அது. திருத்தாத விடைத்தாள் கட்டுகள் ஜன்னல் திட்டு வரை ஏறியிருந்தன. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. கதை சொன்னவர் அங்கே நிரந்தர வேலையில் இருப்பவர். பீரோச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருப்பதால் எல்லோருக்கும் சாவியக்கா. கேட்டுக்கொண்டிருந்தவள் தற்காலிக விரிவுரையாளர். ஆறு வருஷமாகத் தற்காலிகம். ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுக் கையெழுத்தாகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது ஆனதும் கொஞ்சம் விட்டு, மறுபடி பிடித்துக்கொள்ளும் உத்தியோகம்.

கதவுக்கு வெளியே நின்றவர் துறைத் தலைவர். அடிப்பாகம் தடித்த, ஒரு சின்னச் சத்தம்கூடப் போடாத காலணிகள் அணிவார். அதனால் மாணவர்கள் அவருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தவன் யார் என்று யாருக்கும் தெரியாது; தெரிந்தவர்களும் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த செமஸ்டர் தொடக்கத்தில் பஞ்சு ஓர் உத்தரவு போட்டார்: ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறெந்த மொழியும் காதில் விழக் கூடாது. ஆசிரியர் வாயிலிருந்து கட்டாயம் கூடாது. உத்தரவு ஆங்கிலத்தில் இருந்தது. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வந்த அலுவலக உதவியாளர், என்னம்மா எழுதியிருக்காங்க என்று அவளிடம்தான் கேட்டார். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, தமிழில் விளக்கிச் சொன்னாள்.

இப்போது அவளுடைய முறை. வரும் வியாழக்கிழமை வெளியிலிருந்து ஒரு நிபுணர் வருகிறார், பஞ்சுவும் கூட வருவார், இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவள் வகுப்பைக் கவனிப்பார்கள். அதை வைத்துத்தான் கையெழுத்து. சாவியக்கா இதைச் சொல்லிவிட்டு, ஆறுதலாகவோ என்னவோ, அவள் முழங்கையைத் தட்டினார். உனக்கு என்னம்மா, உன் இங்கிலீஷ் தண்ணி மாதிரி ஓடும் என்றார். அவள் சிரித்து வைத்தாள்.

இங்கிலீஷ் ஓடும், அது உண்மை. அவளுக்கு அதில் பயமில்லை. பயம் வேறு இடத்தில் இருந்தது. இந்த வேலை போனால் வாடகைக் குடித்தனத்தை ஏறக்கட்டிவிட்டு மறுபடியும் நாத்தனார் வீட்டு மாடிக்குப் போக வேண்டும். முன்பு இரண்டு வருஷம் அங்கே இருந்திருக்கிறார்கள். நாத்தனார் கெட்டவர் இல்லை. மாடிப்படியில் யார் ஏறினாலும் கீழிருந்து, "யாரது?" என்று கேட்பார், அவ்வளவுதான். இரண்டு வருஷம் தன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் யாரது என்பதற்குப் பதில் சொல்லிவிட்டு ஏறியவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். மகளோ இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதியைப் பிடித்திருந்தாள். அந்தச் சிநேகிதிக்கு முன்பல் இரண்டும் இல்லை. வீட்டில் நாள் முழுக்க அந்தப் பல்லில்லாதவளைப் பற்றியே பேச்சு.

*

அவளுடைய வகுப்பு மாடியில், தாழ்வாரத்தின் கடைசி அறை. ஆங்கிலத் தாளில் ஒருமுறை தோற்றவர்களை எல்லாத் துறையிலிருந்தும் பொறுக்கி அங்கே உட்கார வைத்திருந்தார்கள். புள்ளியியல், தாவரவியல், கால்நடை மருத்துவம். மற்ற பாடங்களில் எல்லாம் கெட்டிக்காரர்கள். மாட்டின் குடலைத் துண்டு துண்டாகப் பெயர் சொல்லி ஒப்பிப்பான் ஒருவன். ஒருநாள் விடுமுறை வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால் அந்தக் குடல் அத்தனையும் அவன் வயிற்றில் முறுக்கிக்கொள்ளும். இந்தத் தாளில் மறுபடி தோற்றால் பட்டம் கிடையாது. அவள் கையில் வந்தவர்கள் யாரும் தோற்றதில்லை. அதற்குக் காரணம் அவள் நடத்தும் விதம். அந்த விதம்தான் இப்போது குற்றம்.

"பஸ் கிளம்பிடுச்சு. நீ ஸ்டாப்புல நிக்கிறே" என்று ஆரம்பிப்பாள். "இப்போ உன் வாயில என்ன வரும்?"

"கெட்ட வார்த்தை வரும் மேடம்" என்பான் ஸ்பீக்கர். ரகசியம் பேசினாலே பக்கத்துக் கட்டடத்துக்குக் கேட்கும் குரல் அவனுக்கு.

"அது ரெண்டாவது. முதல்ல ஒரு பெருமூச்சு வரும். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பிடிச்சிருப்பேனேன்னு. அந்தப் பெருமூச்சுக்கு இங்கிலீஷ்ல ஒரு..."

அந்த இடத்தில்தான் நிழல் விழும். தாழ்வாரப் பக்கம் முழுக்க மங்கல் கண்ணாடி ஜன்னல்கள். பிற்பகல் வெயில் சாய்வாக அடிக்கும்போது, வருகிற ஆளுக்கு முன்னால் அவருடைய நிழல் வந்து கண்ணாடியில் ஏறும். பஞ்சுவின் கால்களுக்குச் சத்தம் இல்லாவிட்டாலும் அவருடைய நிழலுக்கு ஓர் அடையாளம் இருந்தது. கழுத்து முன்னால் நீண்டிருக்கும், கைகள் பின்னால் கட்டியிருக்கும். வற்றிய குளத்தில் நடக்கும் பறவை மாதிரி.

"...சென்டென்ஸ் பேட்டர்ன், அண்ட் இட் இஸ் எ வெரி யூஸ்ஃபுல் பேட்டர்ன். ஓப்பன் யுவர் புக்ஸ், ப்ளீஸ்."

நடு வாக்கியத்தில், மூச்சுகூட மாறாமல், தண்டவாளம் மாறும் ரயிலைப் போல் அவள் மாறிவிடுவாள். அந்த நேரத்தில் வகுப்பைப் பார்க்க வேண்டும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் முதுகை நிமிர்த்துவார்கள். கைகள் மேஜை மேல் வந்துவிடும். கண்கள் புத்தகத்தில். ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடாது. ஸ்பீக்கர்கூட வாயைத் தைத்துக்கொள்வான். நிழல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, கொஞ்சம் நின்று, பிறகு மாடிப்படிப் பக்கம் கரையும். அவள், "சரி, எங்க விட்டோம்?" என்பாள். வகுப்பு மூச்சு விடும். யாராவது, "பஸ் ஸ்டாப்புல விட்டுட்டு வந்துட்டீங்க மேடம்" என்பார்கள்.

இதை அவள் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. நிழலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்களாகவே புரிந்துகொண்டார்கள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மற்ற ஆசிரியர்கள் வகுப்பை அடக்கக் கத்துகிறார்கள். இவளோ மொழியை மாற்றினால் போதும், குண்டூசி விழுந்தால் கேட்கும்.

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. கணவன் ஆய்வகத்தில் ரத்தம் சோதிப்பவன். நாளெல்லாம் அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து சோபாவில் மாணவனாக உட்கார்ந்தான். மகள் தலையணைகளை வரிசையாக நிறுத்தி வகுப்பை நிரப்பினாள். அவற்றில் ஒன்று பல்லில்லாத சிநேகிதியாம்.

அவள் முழுக்க ஆங்கிலத்தில் நடத்தினாள். நன்றாகத்தான் வந்தது. பாதியில் கணவன் கையைத் தூக்கினான். சந்தேகம் கேட்கிறானாக்கும் என்று நின்றாள்.

"நீ ஏன் அடிக்கடி கதவைப் பார்க்கிறே?"

"எங்கே பார்த்தேன்?"

"பார்த்தியே. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை. உன் இங்கிலீஷைக் கேட்டா எனக்கு யாரோ கதவைத் தட்டப் போற மாதிரியே இருக்கு. பயமா வருது."

உனக்கு என் அக்கா வீட்டு மாடி ஞாபகம் என்று அவனே கேலியாகக் காரணமும் சொன்னான். அவள் தலையணையை எடுத்து அவன்மேல் வீசினாள். அது சிநேகிதித் தலையணை என்று மகள் அழுதாள். அதோடு ஒத்திகை முடிந்தது. ஆனால் பாத்திரம் கழுவும்போது தன்னையறியாமல் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்தாள். கழுத்து தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. நிறுத்தினாள். இன்னொரு முறை சொன்னாள். இன்னொரு முறை திரும்பியது. ஈரக்கையோடு வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

மறுநாள் வகுப்பில் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தாள். முதல் தடவையாக நிழலைப் பற்றி வாய்விட்டுப் பேசினாள். பேசும்போது கூச்சமாக இருந்தது, தன் வீட்டுச் சண்டையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்வதைப் போல. நாளைக்கு அவர் வெளியே நிற்கமாட்டார், உள்ளே உட்கார்ந்திருப்பார், கூட இன்னொருவரும் இருப்பார், நான் முழுக்க இங்கிலீஷில்தான் பேசுவேன், நீங்கள் பயப்படாமல் பதில் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னாலும் சரி என்றாள்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள் குடை. மழையோ வெயிலோ, குடையில்லாமல் வராத முன்வரிசைப் பெண். வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவள். கேள்விகளைச் சுற்றி வளைக்காமல் கேட்பவள்.

அவளிடம் பொய் சொல்ல நினைத்தாள், முடியவில்லை. அடுத்த செமஸ்டர் நான் இருக்கமாட்டேன் என்றாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஸ்பீக்கர் நாற்காலியின் மேலேயே ஏறிவிட்டான். "மேடம், நீங்க கேள்வி மட்டும் கேளுங்க. நாங்க சொல்ற பதில்ல அந்த நிபுணர் ஊருக்கு ஓடணும்." சந்தேகமே வேண்டாம், நாங்கள் இருக்கிறோம், பார்த்துக்கொள்ளலாம். யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என்று அவர்களே பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவனுக்குப் பெருமூச்சு வாக்கியம், இன்னொருத்திக்கு அதற்கடுத்தது. பிள்ளைகள் கைவிடமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

இத்தனை பேச்சும் தமிழில் நடந்தது. ஒரு வாக்கியத்தையாவது அங்கேயே ஆங்கிலத்தில் கேட்டுப் பார்த்திருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. நிழல் இல்லாத நேரத்தில் ஆங்கிலம் பேசும் வழக்கமே அந்த அறையில் இல்லாமல் போயிருந்தது.

*

நிபுணர் பருத்த உடம்பும் சளிபிடித்த மூக்கும் கொண்ட ஒரு நடுவயதுப் பெண்மணி. கைக்குட்டையை மடித்து மடித்து மூக்கில் ஒற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அந்த நாற்காலி அவருக்குப் போதவில்லை. பக்கத்தில் பஞ்சு, தொடைமேல் அட்டை, அட்டைமேல் தாள், கையில் பேனா. வெயில் அன்றைக்கும் சாய்வாகத்தான் அடித்தது. கண்ணாடிகள் வெறுமையாக, மஞ்சளாக இருந்தன.

"குட் ஆஃப்டர்நூன், எவ்ரிபடி" என்றாள் அவள்.

முதுகுகள் நிமிர்ந்தன. கைகள் மேஜைமேல் வந்தன. கண்கள் புத்தகத்துக்குப் போயின.

நல்ல மரியாதை என்றுதான் முதலில் நினைத்தாள். பாடத்தைத் தொடங்கினாள். பஸ், ஸ்டாப், தாமதம், பெருமூச்சு எல்லாம் ஆங்கிலத்தில். குரல் தெளிவாக இருந்தது. கதவைப் பார்க்காமலிருக்கப் பின்சுவரில் ஒரு விரிசலைக் குறிவைத்துக்கொண்டாள். முதல் கேள்வியைக் கேட்டாள். நேற்று அதைப் பங்கு வாங்கியவன் மூன்றாவது வரிசையில் இருந்தான். அவன் நிமிரவில்லை. கேள்வியை எளிதாக்கி மறுபடி கேட்டாள். அவன் விரல்கள் புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டன. அவனுக்குப் பதில் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

ஸ்பீக்கரைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் நிழல் இல்லை. அவன் முகத்தில் ஒரு குழப்பம். நிழல் இல்லாமல் மேடம் ஏன் இப்படிப் பேசுகிறார் என்ற கேள்வி. பிறகு கடைசி வரிசையின் நினைவு வந்து கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். வகுப்பு முழுவதும் காத்திருந்தது. எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கியபோது கையிலிருந்த சாக்பீஸ் வழுக்கியது.

அவள் தமிழுக்குத் திரும்புவதற்காகக் காத்திருந்தார்கள். ஆபத்து போய்விட்டது என்று அவள் சொல்வதற்காக. இத்தனை மாதமும் அவள் வாயிலிருந்து ஆங்கிலம் வந்தபோதெல்லாம் அவர்கள் செய்த ஒரே வேலை மூச்சை அடக்கியதுதான். தமிழில் சொன்னதைப் பரீட்சைத் தாளில் ஆங்கிலமாக எழுதிவிடுவார்கள், தேறியும் விடுவார்கள். ஆனால் காதில் விழும் ஆங்கிலம் அவர்களுக்கு ஒரு மொழியாகவே இருந்ததில்லை. பாத்திரம் உருண்டால் பூனை வந்திருக்கிறது என்று தெரிவது போல, அது ஓர் அறிகுறி. அந்த அறிகுறியை அவர்களுக்கு ஊட்டி வளர்த்தவள் அவள்தான். பஞ்சு வெளியேதான் நடந்தார். பயத்தை உள்ளே கொண்டுவந்து ஒவ்வொரு மேஜையிலும் வைத்தது அவளுடைய வாய்.

பேச்சை நிறுத்தினால் மௌனம் இன்னும் பெரிதாகும் என்று பேசிக்கொண்டே போனாள். பேசப் பேச அறை இறுகியது. நாக்கு மரக்கட்டை மாதிரி இருந்தது. கடைசி வரிசையில் பேனா தாளில் உரசும் சத்தம் இவ்வளவு தூரத்துக்குக் கேட்குமா? கேட்டது.

குடை எழுந்தாள். யாரும் கூப்பிடாமல் தானாகவே எழுந்தாள். மேடத்தைக் காப்பாற்ற ஒருத்தியாவது வேண்டும் என்று நினைத்திருப்பாள். கால்கள் மேஜையில் இடித்தன. வாயைத் திறந்தாள். உதடுகள் சரியான வாக்கியத்தின் வடிவத்துக்குப் போயின, பலகையருகே நின்றிருந்தவளால் அதை அங்கிருந்தே படிக்க முடிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. "யெஸ் மேடம்" என்றாள் கடைசியில். கேட்ட கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மறுபடியும், "யெஸ் மேடம்" என்றாள். கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அதைத் துடைக்கக்கூடக் கையை மேஜையிலிருந்து எடுக்கவில்லை.

பஞ்சு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கணக்கு தனக்குச் சரியாக வந்துவிட்டவரின் அமைதி இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் காதுக்குள், எங்கோ ஒரு மாடிப்படியின் கீழிருந்து, யாரது என்று ஒரு குரல் கேட்டது.

அப்போது நிபுணர் நாற்காலியிலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். மேஜைகளுக்கு நடுவில் மெல்ல நடந்து முன்னால் வந்தார். வரும் வழியில் குடையின் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். "டோன்ட் பி அஃப்ரெய்ட்" என்று வகுப்பைப் பார்த்து மிருதுவாகச் சொன்னார். முதுகுகள் இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தன. அதை அவர் கவனித்தார். இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், பிறகு வெறும் கண்ணாடிகளைப் பார்த்தார், பிறகு அவளை.

அவள் அந்த முகத்தில் எதையாவது பிடித்துக்கொள்ள முடியுமா என்று தேடினாள். இரக்கமாக இருக்கலாம். பொறியாகவும் இருக்கலாம். சளியால் சிவந்த கண்களில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பின்னால் பஞ்சுவின் பேனா மறுபடி தாளுக்கு மேலே வந்து நின்றது. அத்தனை பிள்ளைகளும் அவள் வாயையே பார்த்தார்கள்.

நிபுணர் கைக்குட்டையை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அறை முழுக்கக் கேட்கும்படி, நல்ல தமிழில், சொன்னார்:

"நீங்க தினமும் இவங்களுக்கு எப்படி நடத்துவீங்களோ, அப்படியே ஒரு பத்து நிமிஷம் நடத்திக் காட்டுங்களேன், மேடம்."